வெதர்கேன் செயலி: ரொறன்ரோப் பனிக்காலத்துக்கு ஒரு மதிப்பீடு

ரொறன்ரோவில் நவம்பர் நடுப்பகுதி தொடங்கி ஏப்ரல் முதல் வாரம் வரை வானிலை பார்ப்பதும் சமையல், சலவை போல வீட்டு வேலைகளில் ஒன்றாகிவிடுகிறது. காலையில் எத்தனை மணிக்கு எழும்புவது, எந்தச் சப்பாத்தைப் போடுவது, ட்ரைவ்வேயில் நிற்கும் இரண்டு கார்களில் எதை வெளிப்பக்கமாக விடுவது, பிள்ளையின் பாடசாலைப் பேருந்து ஓடுமா ஓடாதா என்ற கேள்விகளுக்கெல்லாம் முதல்நாள் இரவே ஓரளவு விடை தெரிந்திருக்க வேண்டும். அந்த விடையைத் தேடி என் கைபேசிக்குள் பல செயலிகள் வந்து போயிருக்கின்றன. நிலைத்து நிற்பது கனடாவின் சுற்றுச்சூழல், காலநிலை மாற்றத் திணைக்களம் 2019 ஆம் ஆண்டு வெளியிட்ட வெதர்கேன் மட்டுமே. கட்டணமில்லை, விளம்பரமில்லை, ஐபோனிலும் அண்ட்ராய்டிலும் இயங்குகிறது. ரொறன்ரோவின் கிழக்குப் பகுதியான ஸ்காபரோவில் வசிக்கும் ஒருவருக்குப் பனிக்காலத்தில் இது எந்த அளவுக்குக் கைகொடுக்கிறது என்பதை மட்டுமே இங்கே எழுதுகிறேன். கோடையில் இதன் பயன் வேறு.

அழகு என்று பார்த்தால் இதற்கு அதிக மதிப்பெண் கிடைக்காது. முகப்பில் வெப்பநிலையும் ஒரு சிறிய மேகப் படமும் இருக்கும். அதன் கீழே மணித்தியால வாரியான எதிர்வுகூறல், ஏழு நாட்களுக்கான எதிர்வுகூறல், ராடார் படம் என்று வரிசையாக வரும். தனியார் செயலிகளில் திரை முழுவதும் பனி விழுவது போல அசையும் படங்களைப் பார்த்துப் பழகியவர்களுக்கு இது அரசாங்க அலுவலகத்து அறிவிப்புப் பலகையைப் போலத் தோன்றலாம். ஆனால் இதன் உயிர் அந்தப் படங்களுக்குக் கீழே இருக்கும் இரண்டு மூன்று வரி வாசகத்தில்தான் இருக்கிறது. ஒரு கெட்ட நாளுக்குரிய வாசகம் ஏறத்தாழ இப்படி அமையும்: அதிகாலையில் பனி தொடங்கும், இடையிடையே கடுமையாகப் பொழியும், பிற்பகலில் பனிக்கட்டி மணிகள் கலந்து பின்னர் உறைமழையாக (தொட்ட இடத்தில் உறையும் மழையாக) மாறும், அளவு 5 முதல் 10 செ.மீ., கிழக்குக் காற்று மணிக்கு 30 கி.மீ. வேகத்தில் வீசி இடையிடையே 50 வரை எழும்பும், வெப்பநிலை மைனஸ் 3 அளவில் நிற்கும். இத்தனையையும் ஒரே படமாகப் போட்டால் ஒரு மேகமும் இரண்டு பனிப்பூவுமாகச் சுருங்கிவிடும். காலையில் வேலைக்குப் போய் மாலையில் திரும்புகிறவருக்கு இந்த நாளில் தெரிய வேண்டியது 10 செ.மீ. என்ற எண் அல்ல. போகும்போது மெதுவாகவேனும் ஓட்டக்கூடியதாக இருக்கும் 401 நெடுஞ்சாலை, திரும்பும்போது கண்ணாடி போல உறைந்திருக்கக்கூடும் என்பதே. அதை வாசகம் சொல்லிவிடுகிறது, படம் சொல்வதில்லை.

வாசகத்துக்கு இந்த நம்பகம் எங்கிருந்து வருகிறது என்பதையும் சொல்ல வேண்டும். கனடாவின் வானிலைக் கணிப்பு மாதிரிகள் கியூபெக்கின் டோர்வல் நகரிலுள்ள கனேடிய வானிலை மையத்தில் ஓடுகின்றன. அவற்றுள் நுண்ணிய மாதிரி நாட்டை 2.5 கி.மீ. கட்டங்களாகப் பிரித்து அடுத்த 48 மணித்தியாலங்களைக் கணிக்கிறது. பல செயலிகள் இப்படிப்பட்ட கணினிக் கணக்கை அப்படியே திரையில் கொட்டிவிடுகின்றன; அதனால்தான் அவற்றில் காலையில் 20 செ.மீ. என்று இருந்தது மதியம் 4 செ.மீ. ஆகி இரவு மீண்டும் 15 ஆகும். வெதர்கேனில் முதல் இரண்டு நாட்களுக்கான எதிர்வுகூறலும் எச்சரிக்கைகளும் ரொறன்ரோவிலுள்ள ஒன்ராறியோ புயல் எதிர்வுகூறல் மையத்தில் வானிலையாளர்களின் கையால் பார்க்கப்பட்டே வெளிவருகின்றன. கணினி தயாரித்ததை மனிதர் சரிபார்ப்பதால் எண்கள் அவ்வளவு துள்ளுவதில்லை. இந்த நகரத்தில் 1840 முதல் வானிலை பதிவாகி வருகிறது என்பதும், கனடாவின் தேசிய வானிலைச் சேவை 1871 இல் தொடங்கியது என்பதும், பழைய பதிவுகளை இன்றைக்கும் எவரும் திணைக்களத்தின் இணையத்தளத்தில் இலவசமாக எடுத்துப் பார்க்கலாம் என்பதும் செயலியில் தெரியாத பின்னணிகள்.

பனியின் அளவைச் செ.மீ. கணக்கில் சொல்லும்போது அந்த எண்ணை நகரசபையின் கணக்கோடு சேர்த்துப் படித்தால்தான் முழுப் பயன் கிடைக்கும். ரொறன்ரோவில் பிரதான வீதிகளில் 5 செ.மீ. பனி சேர்ந்த பின் வழிக்கும் வண்டிகள் இறங்குகின்றன. குடியிருப்பு வீதிகளுக்கு 8 செ.மீ. சேர வேண்டும். ஆகவே செயலி 6 அல்லது 7 செ.மீ. என்று சொன்னால் மகிழ்ச்சி அடைவதற்கு ஒன்றுமில்லை. உப்பு தூவும் வண்டி வரலாம், வழிக்கும் வண்டி பெரும்பாலும் வராது. அந்தப் பனி எங்கள் குறுக்கு வீதியில் கார்களால் மிதிபட்டு, இரவில் இறுகி, அடுத்த இரண்டு மூன்று நாட்களுக்குக் கட்டியாகவே கிடக்கும். மாறாக 12 செ.மீ. என்றால் மறுநாளுக்குள் வீதி துப்புரவாகிவிட வாய்ப்பு அதிகம். பனி நின்ற பிறகு எந்த வீதிக்கு வண்டி வந்தது என்பதைக் காட்ட நகரசபை ப்ளோ-ரீஓ என்ற வரைபடத்தை இணையத்தில் வைத்திருக்கிறது. வெதர்கேனை இரவும் அந்த வரைபடத்தைக் காலையும் பார்ப்பது நல்ல இணை.

அளவைப் போலவே வெப்பநிலையையும் கூட்டிப் பார்க்க வேண்டும், ஏனெனில் பனி அள்ளும் சவளைக் கையில் எடுப்பவருக்குப் பனியின் உயரத்தை விட அதன் பாரம்தான் முக்கியம். பொதுவான கணக்கில் 10 செ.மீ. பனி உருகினால் 1 செ.மீ. நீர். இரண்டு கார்கள் அருகருகே நிற்கக்கூடிய, 6 மீற்றர் அகலமும் 10 மீற்றர் நீளமும் கொண்ட ட்ரைவ்வேயில் 15 செ.மீ. பனி விழுந்தால், அள்ளி எறிய வேண்டிய பாரம் ஏறத்தாழ 900 கிலோ. வெப்பநிலை மைனஸ் 12 ஆக இருந்தால் பனி பஞ்சு போல வரும், பாரம் பாதியாகலாம். பூச்சியத்தை ஒட்டி நின்றால் அதே 15 செ.மீ. ஈரமாகி இரண்டு மடங்குக்கு அருகில் போகலாம். இதற்கு மேல் வழிக்கும் வண்டி போகும்போது ட்ரைவ்வேயின் வாயிலில் ஒதுக்கிவிட்டுப் போகும் மேடு இருக்கிறது. உப்பும் அழுக்கும் கலந்து முழங்கால் உயரத்துக்கு நிற்கும் அந்த மேட்டில் சவள் குத்தினால் இறங்காது, கைப்பிடிதான் அதிரும். ஸ்காபரோ போன்ற பகுதிகளில் அதைத் தள்ளிவிடும் நகரசபைச் சேவை உண்டு என்றாலும் அது வீதியை வழித்த பின்னரே வரும், வேலைக்குப் போகிறவர் அதற்காகக் காத்திருக்க முடியாது. வயது முதிர்ந்தவர்களும் இதய நோய் உள்ளவர்களும் இந்த வேலையைத் தனியே செய்யக்கூடாது என்று மருத்துவர்கள் ஒவ்வொரு ஆண்டும் எச்சரிப்பது காரணத்தோடுதான். 'பூச்சியத்தை ஒட்டி, 15 செ.மீ.' என்று செயலி இரவில் சொன்னால், நள்ளிரவில் ஒரு முறையும் விடியலில் ஒரு முறையும் பிரித்து அள்ளுவதே புத்தி.

ரொறன்ரோவின் பியர்சன் விமான நிலையத்தில் 1981 முதல் 2010 வரையான சராசரிப்படி ஓர் ஆண்டின் மொத்தப் பனிப்பொழிவு சுமார் 108 செ.மீ. மொன்றியலில் இருப்பவர் இதைக் கேட்டால் சிரிப்பார். 1999 ஜனவரியில் அடுத்தடுத்து விழுந்த பனியை அகற்ற அன்றைய நகரபிதா மெல் லாஸ்ட்மன் இராணுவத்தை அழைத்ததை நாட்டின் மற்ற நகரத்தவர்கள் இன்னமும் சொல்லிக் கேலி செய்கிறார்கள். ஆனால் சராசரி எங்கள் காலைப்பொழுதை நடத்துவதில்லை; ஒரே நாளில் விழுவதுதான் நடத்துகிறது. 2022 ஜனவரி 17 அன்று, பெருந்தொற்றால் மூடியிருந்த பாடசாலைகள் மீண்டும் திறக்க வேண்டிய அதே காலையில், பெரும்பனி விழுந்து எல்லாவற்றையும் நிறுத்தியது. அப்படிப்பட்ட நாட்களுக்கு முதல்நாள் வரும் எச்சரிக்கை வாசகம் அளவை மட்டும் சொல்லி நிற்காது. மணிக்கு எத்தனை செ.மீ. வீதம் விழலாம், எந்த நேரத்தில் உச்சம், எப்போது ஓயும் என்றும் எழுதியிருக்கும். மணிக்கு 3 செ.மீ. என்று படித்தால் பயணத்தைத் தள்ளிவைப்பதே முறை. அந்த வேகத்தில் விழும்போது எந்த வண்டி வழித்தாலும் அரை மணித்தியாலத்தில் வீதி மறுபடி மூடிவிடும்.

பனியைவிட நான் அஞ்சுவது உறைமழைக்கு. நிலத்தை ஒட்டிய காற்று பூச்சியத்துக்குக் கீழே இருக்க, அதற்கு மேலே ஒரு வெதுவெதுப்பான படலம் நுழைந்துவிட்டால், பனி அங்கே உருகி மழையாகி, கீழே இறங்கித் தொட்ட இடத்திலெல்லாம் உறைகிறது. 10 செ.மீ. பனியில் நடந்து போய்விடலாம், 5 மி.மீ. உறைமழையில் வாசற்படியை விட்டு இறங்க முடியாது. 2013 டிசம்பர் 21, 22 ஆம் திகதிகளில் அடித்த பனிப்புயலில் மரக்கிளைகள் உறைந்த பாரம் தாங்காமல் மின்கம்பிகள் மீது முறிந்து விழுந்து, ரொறன்ரோவில் சுமார் 3 லட்சம் மின் இணைப்புகள் அறுந்தன. நத்தார் தினத்திலும் இருட்டில் இருந்த வீடுகள் பல. எந்தச் செயலியாக இருந்தாலும் உறைமழையைக் கணிப்பது கடினம், ஏனெனில் அந்த வெதுவெதுப்பான படலம் சில நூறு மீற்றர் தடிப்பில் கூடக் குறையப் பனியா, பனிக்கட்டி மணியா, உறைமழையா, வெறும் மழையா என்பது மாறிவிடும். வெதர்கேனின் நேர்மை இங்கே தெரிகிறது: உறுதி இல்லாத இடத்தில் உறைமழைக்கான ஆபத்து உண்டு என்று வாசகத்தில் தனியாக ஒரு வரி சேர்த்துவிடும். அந்த வரியைக் கண்டால் நான் இரவே படியில் உப்புப் போட்டுவிடுவேன்.

காற்றால் உறைக்கும் குளிரைச் செயலி தனி எண்ணாகத் தருகிறது. கனடா இன்று பயன்படுத்தும் குளிர்காற்றுச் சுட்டெண் 2001 இல் நடைமுறைக்கு வந்தது. அது உண்மை வெப்பநிலை அல்ல என்பதால் பாகைக் குறி இல்லாமலே எழுதுவார்கள். மைனஸ் 10 பாகையில் 30 கி.மீ. காற்று வீசினால் சுட்டெண் மைனஸ் 20. மைனஸ் 15 பாகையில் அதே காற்று என்றால் மைனஸ் 26. மைனஸ் 28 ஐத் தாண்டினால் மூடாத தோல் 10 முதல் 30 நிமிடங்களில் உறையத் தொடங்கலாம். பேருந்துத் தரிப்பில் 20 நிமிடம் நிற்க நேரும் மாணவருக்கு இதுதான் நாளின் முதன்மையான எண். கார் எஞ்சினுக்கும் தண்ணீர்க் குழாய்க்கும் சுட்டெண்ணால் பயனில்லை, அவற்றுக்கு உண்மை வெப்பநிலையே கணக்கு. அதேபோல் கல்லுப்புக்கும்: மைனஸ் 10 இலிருந்து அதன் வேகம் குறைந்து, மைனஸ் 18 ஐ நெருங்கும்போது ஏறத்தாழப் பயனற்றுப் போகும். பகலில் மழை, மாலையில் வெப்பநிலை சடுதியாக இறங்கும் என்று சொல்லும் திடீர் உறைவு எச்சரிக்கையை அந்தக் காரணத்தாலேயே அலட்சியம் செய்யக்கூடாது.

எச்சரிக்கைகளின் வடிவம் 2025 நவம்பரில் மாறியது. தெற்கு ஒன்ராறியோவில் 12 மணித்தியாலத்துக்குள் 15 செ.மீ. பனி என்பதே பனிப்பொழிவு எச்சரிக்கைக்கு நீண்டகாலம் இருந்த அளவுகோல். இப்போது ஒவ்வோர் அறிவிப்புக்கும் மஞ்சள், செம்மஞ்சள், சிவப்பு என்று ஒரு நிறம் சேர்கிறது; எவ்வளவு விழும் என்பதோடு, அதனால் என்ன பாதிப்பு வரும், அது நடக்கும் என்பதில் எவ்வளவு உறுதி உண்டு என்பதையும் வைத்து நிறம் தீர்மானிக்கப்படுகிறது. கொள்கையாக இது நல்ல மாற்றம். வெள்ளிக்கிழமை மாலை நெரிசலில் விழும் 10 செ.மீ., ஞாயிறு விடியலில் விழும் 15 செ.மீ.ஐ விட மோசமானது என்பது 401 இல் ஓடுகிற எவருக்கும் தெரியும். நடைமுறையில், பெரும்பாலான அறிவிப்புகள் மஞ்சளாகவே வரும் என்பதால் மஞ்சளைப் பார்த்துப் பழகிய கண் அதைக் கடந்து போய்விடும் என்பது என் எண்ணம். நிறத்தைப் பார்த்து முடிவெடுக்காமல் அறிவிப்பைத் தொட்டு உள்ளே போய் நேரத்தையும் அளவையும் படிக்க வேண்டும். அறிவிப்புகள் தாமாகவே கைபேசித் திரைக்கு வரும் வசதியை இயக்கி வைத்தால், சேமித்து வைத்த ஒவ்வோர் இடத்துக்கும் அவை தனித்தனியே வரும்.

ராடார் படத்தைப் பற்றிச் சுருக்கமாகச் சொன்னால் போதும். நகரத்துக்கு வடக்கே கிங் சிற்றியில் இருக்கும் ராடார் ஆறு நிமிடத்துக்கு ஒரு முறை புதிய படம் தருகிறது. ஹூரோன் ஏரி, ஜோர்ஜியன் குடாப் பக்கமிருந்து நீண்ட நாடாவாக இறங்கும் பனிச்சூறை பரி நகரைத் தாண்டி எங்கள் பக்கம் வருகிறதா என்பதை 400 ஆம் நெடுஞ்சாலையில் ஏறும் முன் பார்க்க இதைவிட நல்ல வழி எனக்குத் தெரியாது. அந்த நாடாவுக்குள் நுழைந்தால் முன்னே போகும் லொறியின் பின்விளக்கும் தெரியாது. ஐந்து கிலோமீற்றர் தள்ளி வெயில் எறிக்கும்.

குறைகளுக்கு வருவோம். ரொறன்ரோ முழுவதும் ஒரே எதிர்வுகூறல் பகுதி. முகப்பில் 'இப்போது' என்று வரும் வெப்பநிலை நகரின் மேற்கு எல்லையைத் தாண்டியுள்ள பியர்சன் விமான நிலையத்தில் அளந்தது. அங்கிருந்து கிழக்கு ஸ்காபரோ 30 கிலோமீற்றருக்கும் மேல். டிசம்பரில் ஒன்ராறியோ ஏரி இன்னும் சூடு ஆறாமல் இருக்கும்போது, ஏரிப் பக்கத்துக் கிங்ஸ்ரன் வீதியில் மழை பெய்யும் அதே நேரத்தில் நகரின் வடக்கு எல்லையான ஸ்ரீல்ஸ் வீதியில் பனி கொட்டும். கிழக்குக் காற்று என்றால் ஏரியின் ஈரத்தை வாரிக்கொண்டு வந்து கரையோரத்தில் கூடுதலாகப் பொழிவதும் உண்டு. இவ்வளவு வேறுபாடும் ஒரு பகுதிக்கான மூன்று வரி வாசகத்துக்குள் அடங்காது. இதற்கு நான் செய்யும் கைமருந்து, ரொறன்ரோவோடு வடக்கே உள்ள மார்க்கம் நகரையும் கிழக்கே உள்ள பிக்கரிங் நகரையும் சேமித்து வைத்து மூன்றையும் ஒப்பிடுவது. மார்க்கத்துக்கு 10 செ.மீ., ரொறன்ரோவுக்கு 5 செ.மீ. என்று இருந்தால் பனிக்கும் மழைக்குமான கோடு நகரத்துக்கு நடுவே ஓடுகிறது என்று பொருள்; 401 க்கு வடக்கே இருப்பவர் பெரிய எண்ணையே எடுத்துக்கொள்ளட்டும். ஏழு நாள் வரிசையில் ஐந்தாம் நாளுக்கு அப்பால் உள்ளதைத் திட்டம் போடப் பயன்படுத்த வேண்டாம். பதினான்கு நாளுக்குப் பனி சொல்லும் செயலிகளும் உண்டு. அவற்றோடு ஒப்பிட்டால் ஏழோடு நிறுத்திக்கொள்வதே அடக்கம்.

நாற்பது விழுக்காடு பனித்தூறல் என்பது போன்ற எண்ணும் பலரைக் குழப்புகிறது. அந்தப் பகுதியில் எந்த ஓர் இடத்தை எடுத்தாலும் அங்கே அளக்கக்கூடிய அளவு, அதாவது பனியென்றால் 0.2 செ.மீ.யாவது, விழுவதற்கான வாய்ப்பு நாற்பது விழுக்காடு என்பதே அதன் பொருள். எவ்வளவு விழும், எவ்வளவு நேரம் விழும் என்பதைப் பற்றி அது எதுவும் சொல்லவில்லை. செயலிக்குள்ளேயே இதற்கு ஒரு வரி விளக்கம் கண்ணில் படும் இடத்தில் இருந்திருக்கலாம்.

என் மதிப்பில் ஐந்துக்கு நான்கு. ஒன்றைக் குறைப்பது தோற்றத்துக்காக அல்ல, மொழிக்காக. வெதர்கேனும், திணைக்களம் தொலைபேசி வழியே பதிவுக் குரலில் நடத்தும் வானிலைச் சேவையும் ஆங்கிலத்திலும் பிரெஞ்சிலும் மட்டுமே கிடைக்கின்றன. ரொறன்ரோ நகரசபையின் 311 இலக்கத்தை அழைத்தால் தமிழில் மொழிபெயர்ப்பாளரைக் கேட்டுப் பெறலாம், ஆனால் அது பனி விழுந்த பிறகு வீதியைப் பற்றிப் பேசும் இடம். விழும் முன் அறிய வேண்டியதை எங்கள் முதியவர்கள் தமிழ் வானொலிகளிலும் பிள்ளைகள் வாயாலும்தான் கேட்கிறார்கள். எதிர்வுகூறல் வாசகங்கள் திரும்பத் திரும்ப வரும் வரையறுத்த சொற்றொடர்களால் ஆனவை. ஆங்கிலத்திலும் பிரெஞ்சிலும் ஒரே நேரத்தில் கணினியே அவற்றை அமைக்கிறது என்பதால், வேறு மொழிகளைச் சேர்ப்பது எட்டாத வேலை அல்ல. அது நடக்கும்வரை மாலை வாசகத்தை நானே தமிழில் எழுதிக் குடும்ப வட்ஸ்அப் குழுவில் போட்டு வருகிறேன். அம்மா அதில் தேடுவது உறைமழை உண்டா என்பதை மட்டுமே. உண்டு என்றால் மறுநாள் கோயிலுக்குப் போவது தள்ளிப்போகும், 10 செ.மீ. பனி என்றால் போகாது.